கழித்த பயம்

யுகேந்திரனின் தோள்வாரில் மாட்டியிருந்த விளக்கு சிவந்தது.

சரிவுக்குள் இன்னும் யாரும் காலெடுத்து வைக்கவில்லை. எதிரே கால் கிலோமீட்டர் அகலத்துக்கு வெள்ளைவெளேரென்று இறங்கிக் கிடந்தது பனி. அதைக் குறுக்கே கடந்துவிட்டால் பாறை முகடு. முகட்டைத் தாண்டினால் தோங்லா கணவாய். காலண்டர் படத்துக்கென்று செய்துவைத்த மாதிரி ஒரு காலை நேரம். ஆனால் விளக்கு சிவப்பு.

"அவ்வளவுதான். திரும்புங்க," என்றான் யுகேந்திரன்.

"முறத்தைக் கால்ல கட்டிட்டு இவ்வளவு தூரம் ஏறி வந்தது இதுக்குத்தானுங்களா மச்சான்?" என்றான் தரணிதரன். பனியில் கால் புதையாமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் அகலமான தட்டுகளைத்தான் அவன் முறம் என்பான்.

"பேசறதைப் பாரு! யாரால சிவந்துச்சுன்னு மலைக்கே தெரியும்," என்று சிரித்தாள் நிவேதா.

நிவேதா யுகேந்திரனின் தங்கை. தரணிதரன் அவள் கணவன். பல்லடத்தில் கோழித்தீவன ஆலை வைத்திருந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு வருகிறவன் என்று சொந்தபந்தம் முழுக்கப் பேர். மாமியார் வீட்டு விருந்துகளில் அவனை வைத்து ஒரு கேலியாவது நடக்காமல் இலை எடுத்ததில்லை. அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அதனால் விளக்கு யாரால் சிவந்தது என்று இப்போது யாரும் கேட்கவில்லை.

கேட்கவும் கூடாது. அதுதான் விதி. யுகேந்திரனே எழுதிய விதி.

மூன்று பேர் மணிக்கட்டிலும் ஆளுக்கொரு காப்பு இருந்தது. நாடித்துடிப்பு, வியர்வை, அடியெடுத்து வைக்கும்போது விழும் மெல்லிய தயக்கம், எல்லாவற்றையும் அது படிக்கும். மூளை ஒப்புக்கொள்வதற்கு முன்பே உடம்பு 'வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறது. காப்பு அதைக் கேட்டுத் தலைவனின் தோளில் உள்ள விளக்கைச் சிவப்பாக்கும். யாருடைய உடம்பு என்று காட்டாது. ஒருவர் வேண்டாமென்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். காப்பு இல்லாத குழுவுக்குப் பனிக்காலத்தில் மலையேற அனுமதியே கிடையாது என்று சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

திரும்பினார்கள்.

அன்று மாலை தங்குமிடத்து இரும்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தரணிதரன் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பருப்புப்பொடியைச் சோற்றில் பிசைந்துகொண்டே கேட்டான்.

"எனக்கு ஒண்ணு புரியலைங்க மச்சான். ஆபத்து பனியில இருக்கு. நீங்க பனியைப் பார்க்கிற மெஷின் செய்யாம ஆளைப் பார்க்கிற மெஷின் எதுக்குச் செஞ்சீங்க?"

"பனியைப் பார்க்க வழி இருக்கு மாப்ளே. காலைல நான் குழி தோண்டினேனே, அடியில என்ன பார்த்தீங்க?"

"ரவை மாதிரி பொலபொலன்னு கிடந்துச்சு."

"அதேதான். கடுங்குளிர்ல, பனிக்குள்ளேயே அந்த மாதிரி படிகம் வளரும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அதுக்கு மேல காத்து அள்ளிக் கொண்டாந்து கொட்டின பனி பலகை மாதிரி இறுகிக் கிடக்கு."

"ரவைக்கு மேல தோசைக்கல்."

"கரெக்ட். செங்குத்தான சரிவா இருந்தா, ஒரு ஆளோட எடை போதும். ரவை நழுவும், கல்லு உடைஞ்சு மொத்தமா இறங்கும்."

"அப்புறம் என்னத்துக்குங்க அதுல போய் நடக்கிறோம்?"

"எல்லா இடத்துலயும் ரவை ஒரே மாதிரி இருக்காது. குழி தோண்டின இடத்துல என்ன இருக்குன்னு தெரியும். பத்தடி தள்ளி என்னன்னு தெரியாது. குறிப்பு பார்த்து ஊகிக்கணும். ஊகிக்கிறவன் மனுஷன். அங்கதான் கோளாறு."

யுகேந்திரன் தட்டைக் கீழே வைத்தான். அவன் அதிகம் பேசாத விஷயம் அது. நிவேதாவே முழுதாகக் கேட்டதில்லை.

"முன்னாடி ஒரு தடவை ஆறு பேர் போனோம். எங்களுக்கு மலையேறச் சொல்லிக்குடுத்த சார்தான் தலைமை. இதே மாதிரி ஒரு சரிவு. எனக்கு உள்ளுக்குள்ள உதறுது. 'எல்லாரும் ஓகேவா?'ன்னு கேட்டார் சார். 'ஓகே சார்'னோம், அஞ்சு குரலும் ஒண்ணா. சார் முகத்தைப் பார்த்து எப்படி வேண்டாம்னு சொல்றது? ரெண்டு பேர் திரும்பி வரலை. அப்புறம் உட்கார்ந்து பேசினப்பதான் தெரிஞ்சுது, அத்தனை பேருக்கும் பயம். சாருக்கும் பயம். எங்கள்ல ஒருத்தனாவது வேண்டாம்னு சொல்ல மாட்டானான்னு அவர் காத்துட்டு இருந்திருக்கார்."

அடுப்பில் விறகு வெடித்தது.

"வெள்ளைக்காரன் பிடிக்கலைன்னா அங்கேயே சொல்லிட்டுத் திரும்பிடுவான். நம்மாளுக்கு வாய் வராது மாப்ளே. பெரியவங்க என்ன நினைப்பாங்க, கூட இருக்கிறவன் சிரிப்பானோன்னு மென்னு முழுங்குவோம். அதான் வாயை விட்டுட்டு உடம்பைக் கேட்டேன்."

"அப்படின்னா நல்லாத்தானே வேலை செய்யுது? அப்புறம் ஏன் உங்க கம்பெனில உங்களை வறுத்தெடுக்கிறாங்க?"

"ரொம்ப நல்லா வேலை செய்யுது. அதான் பிரச்சினை. குழுவுல ஒரு பயந்தாங்கொள்ளி இருந்தாப் போதும், வழியெல்லாம் சிவப்பு. லட்ச லட்சமா செலவு பண்ணி வந்தவங்க பாதி வழியில திரும்புறாங்க. கண்டபடி திட்டி எழுதுறாங்க. இந்த சீசனுக்குள்ள சரி பண்ணலைன்னா காப்பையே மூட்டை கட்டிடுவேன்னு முதலாளி சொல்லிட்டார். சட்டத்தையும் எடுத்துடுவாங்க. மறுபடி பழையபடி 'ஓகே சார்'தான்." அவன் தரணிதரனைப் பார்த்துக் கண்ணடித்தான். "அதுக்குத்தான் நாட்டுலயே பெரிய பயந்தாங்கொள்ளியைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன். சோதனைக்கு."

"விருந்தாடி விருந்தாடின்னு கூட்டியாந்து எலியாக்கிட்டீங்களே!" என்று தரணிதரன் சத்தமாகச் சிரித்தான். "ஒரு யோசனை சொல்றேன் கேளுங்க. எம்பட ஆலையில தீவனத்தைச் சாக்கோட சேர்த்துத்தான் தராசுல ஏத்துவோம். அப்புறம் வெறுஞ்சாக்கு எடையைக் கழிச்சுருவோம். அந்த மாதிரி எம்பட பயத்தைக் கழிச்சுப் போடுங்க. பொறந்ததுலிருந்து சுமக்கிற சாக்குங்க அது."

மூவரும் சிரித்தார்கள். யுகேந்திரன்தான் முதலில் நிறுத்தினான். அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாளும் அதே இடம். மீண்டும் சிவப்பு.

நிவேதா கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். "இதோ நம்ம கணவாய்... இதோ நம்ம சிவப்பு... ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

யுகேந்திரனுக்குப் பொறுமை போய்விட்டது. "மாப்ளே, அந்த மனசை ஒரே ஒரு நாள் கழட்டித் தங்குமிடத்துல வெச்சுட்டு வரக் கூடாதா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. தன் விதியைத் தானே மீறி, விரல் நீட்டிவிட்டான். ஆனால் சொந்தத்துக்குள் கேலி விதிமீறல் ஆகுமா என்ன?

தரணிதரன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் மச்சானின் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் தூக்கினான்.

"நான்தானுங்க, நான்தான். கோழிங்களோடயே பொழங்கிப் பொழங்கி மனசும் கோழி மனசாயிருச்சு."

தங்குமிடத்துக்குத் திரும்பியதும் யுகேந்திரன் மடிக்கணினியைத் திறந்தான். இருட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு எளிய கணக்கு. ஒவ்வொரு காப்பும் இதுவரை அளந்ததை எடுத்துக்கொண்டு, அந்த ஆளிடம் எப்போதும் இருக்கும் பயம் எவ்வளவு என்று கண்டுபிடித்துக் கழித்துவிடும். மிச்சம் இருப்பதுதான் மலையின் மேல் உள்ள பயம். யாருடையது எவ்வளவு என்று அவன் பார்க்கவில்லை. அந்த ஒழுக்கத்தை மட்டும் விடவில்லை.

"உங்க சாக்கு ஐடியாதான் மாப்ளே. உலகம் பூரா உங்க பேரைச் சொல்லும்."

தரணிதரன் சிரிக்கவில்லை. "அது சும்மா வாய்க்கு வந்ததுங்க மச்சான். அதைப் போய்..."

"நல்ல யோசனையெல்லாம் அப்படித்தான் வரும்."

"நாளைக்கு அப்படியே கீழே இறங்கிருவோமே? சூடா ஒரு டீ குடிச்சுட்டு, ஊரைப் பார்த்துட்டு..."

"ஒரே ஒரு நாள். எனக்காக."

மச்சான் எனக்காக என்று கேட்ட பிறகு மாப்பிள்ளை என்ன சொல்ல முடியும்?

மூன்றாம் நாள் காலை, இரவெல்லாம் அடித்த காற்று ஓய்ந்திருந்தது. சரிவின் மேல்விளிம்பில் பனி தடித்து, உருண்டு, தலையணை மாதிரி உப்பியிருந்தது. ஏறும் வழியில் ஒரு சமதரையைக் கடக்கும்போது காலடியில் 'ஹூம்ப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய மிருகம் ஒன்று தரைக்கடியில் மூச்சு விட்டது போல. நின்ற இடம் அரை அங்குலம் தாழ்ந்தது.

"என்னண்ணா அது?"

"அடியில காத்து அடைச்சிருக்கும். ஒண்ணுமில்லை."

அது ஒன்றுமில்லாத சத்தம் அல்ல. ரவை அடுக்கு நொறுங்கி உட்காரும் சத்தம். பனி நம்மிடம் நேரடியாகப் பேசுவது அந்த ஒரு சத்தத்தில்தான். அதைக் கேட்டால் சரிவுப் பக்கமே போகாதே என்று அவனே எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறான். காப்பு வருவதற்கு முந்திய காலமாக இருந்தால் அந்த இடத்திலேயே குழுவைத் திருப்பியிருப்பான். இப்போது அவன் கண் முதலில் தோளுக்குத்தான் போனது. பச்சை. மூன்று பேரில் ஒருவருக்கும் பயமில்லை. அப்படியென்றால் தன் மனதில் ஓடுவது வெறும் பழைய ஞாபகம் என்று முடிவுகட்டி நடந்தான். பிற்பாடு எத்தனையோ முறை அவன் அந்த இடத்துக்குத் திரும்பி வந்து நின்றிருக்கிறான், மனதுக்குள்.

சரிவின் விளிம்பு. விளக்கு பச்சை.

"மச்சான்," என்றான் தரணிதரன். "இன்னைக்கு வேண்டாங்க. எனக்குப் பயமா இருக்கு."

யுகேந்திரன் திரும்பிப் பார்த்தான். காப்பைச் சோதித்த இத்தனை வருடத்தில் வாயைத் திறந்து அதைச் சொன்ன முதல் ஆள். ஆனால் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. தோளைத் திருப்பி விளக்கைக் காட்டினான்.

"இங்க பாருங்க, பச்சை. உங்க உடம்பு பயப்படலை மாப்ளே. வாய்தான் பயப்படுது. பழக்கதோஷம்."

தரணிதரன் ஏதோ சொல்ல வந்தான். நிவேதாவைப் பார்த்தான். அவள் குனிந்து கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிங்க மச்சான்," என்றான்.

ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். ஒருவர் பனியில் இருக்கும்போது மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். யுகேந்திரன் முதலில் போனான். பனி தாங்கியது. பாறையை அடைந்து கையசைத்தான். அடுத்து தரணிதரன். முறங்களைத் தூக்கித் தூக்கி வைத்து, கவனமாக, மச்சானின் காலடித் தடத்திலேயே நடந்து வந்தான். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினான்.

துணி கிழிவது போன்ற சத்தம். அவன் தலைக்கு மேலே சரிவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நீலக்கோடு ஓடியது. மறுகணம் சரிவு முழுவதும் ஓடு ஓடாகப் பெயர்ந்து நகர்ந்தது. தரணிதரன் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. யுகேந்திரனைத்தான் பார்த்தான். பிறகு அங்கே அவன் இல்லை.

எல்லாம் சரியாகத்தான் செய்தான் யுகேந்திரன். மூவரும் மார்பில் கட்டியிருந்த தேடுகருவிகளில் தன்னுடையதைத் திருப்பி, புதைந்தவனின் தூரம் காட்டும் எண் குறையக் குறைய அதன் பின்னால் ஓடி, நீளக் கம்பியைக் குத்திக் குத்தி இடத்தைக் கண்டுபிடித்தான். மறுபக்கத்திலிருந்து நிவேதா விழுந்து புரண்டு இறங்கி வந்தாள். இருவரும் தோண்டினார்கள். ஓடி நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். மண்வெட்டி உடைந்த பிறகு கையால் தோண்டினார்கள். முகம் தட்டுப்பட்டபோது அதில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

மார்ச் கடைசியில் யுகேந்திரன் பல்லடம் போனான். ஆலை ஓடிக்கொண்டிருந்தது. மக்காச்சோளத் தூசியும் கருவாட்டுத்தூள் வாடையும் கலந்த வெக்கை. நிவேதா தராசுக்குப் பக்கத்தில் நின்று லாரிக்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் கை காட்டி உள்ளே உட்காரச் சொன்னாள். வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டு எதிரே அமர்ந்தாள். இளைத்திருந்தாள்.

"விசாரணை முடிஞ்சுதும்மா," என்றான். "காப்பு மேல தப்பில்லைன்னு வந்திருக்கு. மூணு காப்பும் கடைசி வரைக்கும் வேலை செஞ்சிருக்கு."

"ம்."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். விசாரணைக்காக மாப்பிள்ளையோட அன்னைக்குக் கணக்கை மட்டும் பேரோட எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். மாப்பிள்ளைக்கு அன்னைக்குப் பயமே இல்லைம்மா. சரிவு உடைஞ்ச நிமிஷம் வரைக்கும் அவர் நாடி அமைதியா இருந்திருக்கு. அதை நீ தெரிஞ்சுக்கணும்."

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று ரயிலில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தது அதுதான். நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தான்.

"அது அவரு நாடி இல்லண்ணா," என்றாள். "என்னோடது."

"என்னம்மா சொல்றே?"

"ரெண்டாவது நாள் காலைலயே காப்பைக் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டாரு. 'நீயே ரெண்டையும் கட்டிக்க, என்னால உங்கண்ணன் வேலை கெட்டுப் போகக் கூடாது'ன்னாரு. கடைசி வரைக்கும் ரெண்டும் என் கையுறைக்குள்ளதான் இருந்துச்சு."

"சட்டப்படி அது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். கோபம் வருமென்று எதிர்பார்த்தான். வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது. "ரெண்டாவது நாளும் சிவந்துச்சே நிவேதா."

"ஆமா."

"அப்போ நீயா?"

"நான் வீடியோ எடுத்துட்டு இருந்தேன். எப்படா அந்தப் பக்கம் போவோம்னு பறந்துட்டு இருந்தேன். நீ முன்னாடி போறேங்கிறப்ப எனக்கு என்னண்ணா பயம்?"

வெளியே ஒரு மூட்டை தராசில் தொப்பென்று விழுந்தது. அந்தச் சரிவின் விளிம்பில் இருந்தவர்கள் மூன்றே பேர். அவன் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"அவருக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றாள் நிவேதா. "அன்னைக்கு ராத்திரி எங்கிட்டச் சொன்னாரு. 'பயம் உங்கண்ணனுக்குத்தான். அது அவருக்கே தெரியலை. சரிவுகிட்ட நின்னப்ப கைத்தடியை ஒரே இடத்துல குத்திக் குத்தி எடுத்துட்டு இருந்தாரு, பார்த்தியா? அவருகிட்டச் சொல்லிறாதே. தங்கச்சி வாயால கேட்டா மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு'ன்னாரு. நானும் சொல்லலை. சொல்லியிருக்கணும். சொல்லியிருக்கணும்ணா."

"அப்போ மூணாவது நாள் அவர், எனக்குப் பயமா இருக்குன்னு..."

"உன் பயத்தைத்தான் சொன்னாரு. அவருக்குத்தான் ஏற்கெனவே அந்தப் பேரு இருக்கே. இன்னொரு தடவை சொன்னா என்ன குறைஞ்சு போயிருவோம்னு நினைச்சிருப்பாரு."

ஆறு பேர் போன அந்த நாளிலிருந்து யுகேந்திரன் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். ஒவ்வொரு சரிவிலும், ஒவ்வொரு சோதனையிலும். அவனுக்குத் தெரியாததைக் காப்பு இரண்டு நாட்களும் சொல்லியது. வெறுஞ்சாக்கு என்று அவனே அதைக் கழித்துவிட்டான். மிச்சம் இருந்த ஒரு வாயையும் சிரித்து அடைத்தான்.

நிவேதா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து அலுவலகத்தைக் கூப்பிட்டான். சர்வேஷ் எடுத்தான், அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் பையன்.

"சர்வேஷ், அந்தப் புதுக் கணக்கை நிறுத்தி வை. யாருக்கும் அனுப்பாதே."

"திங்கட்கிழமையே எல்லாக் காப்புக்கும் போயிருச்சே சார். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? அதுக்கப்புறம் ஒரு புகார் கூட இல்லை சார். முதலாளி ரொம்ப சந்தோஷமா இருக்கார்."

"இப்ப மலையில யாராவது இருக்காங்களா?"

விசைப்பலகை தட்டும் சத்தம். "பதினொரு குழு இருக்கு சார். எல்லாம் பச்சை."

"எல்லாரையும் இப்பவே திரும்பச் சொல்லு."

"சார்?" சர்வேஷ் குரலைத் தாழ்த்தினான். "விளக்கு சிவக்காம திருப்ப முடியாதே சார். நஷ்டஈடு கேட்பாங்க. பனி அறிக்கையும் நல்லாத்தான் இருக்கு. என்ன காரணம்னு சொல்றது?"

"ஒருத்தருக்குப் பயமா இருக்குன்னு சொல்லு."

"யாருக்கு சார்?"

நிவேதா வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படும் அந்த நேரத்திலேயே அதைத் தன் பயம் என்று அவன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"எனக்கு," என்றான் யுகேந்திரன்.